இருநூற்றைம்பது ஊசி மாப்பிள்ளை

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழிந்த பிறகும் ஒரு மனிதரைத் தெருவே மாப்பிள்ளை என்று கூப்பிட்டால், அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அவர் பிரித்துப் பார்க்கவே இல்லை. வந்ததை எல்லாம் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார். பால்காரர், "என்ன மாப்பிள்ளை, இப்பத்தான் எந்திரிச்சீங்களா?" என்று கேட்டால், தன் தூக்கத்தின் மேல் ஊருக்கே எவ்வளவு அக்கறை என்று பூரித்துப்போவார்.

வீடு மாமனாருடையது. அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவளைக் கட்டிய கையோடு மாப்பிள்ளை ஒரு பெட்டியும் ஒரு டிரான்சிஸ்டரும் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்து தங்கிவிட்டார். மாமனார் கண்ணை மூடும் நேரத்தில் இவர் கையைப் பிடித்து, "மாப்பிள்ளை, இனிமே..." என்று ஆரம்பித்தார். மீதியைச் சொல்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. 'இனிமேல் இந்தக் குடும்பமே உங்கள் பொறுப்பு' என்றுதான் அவர் சொல்ல வந்தார் என்பது மாப்பிள்ளையின் கட்சி. 'இனிமேலாவது ஒரு வேலைக்குப் போங்க' என்று சொல்ல வந்தார் என்பது சின்னவளின் கட்சி. சின்னவள் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். காலையில் வந்து அக்காவுக்கு ஒத்தாசையாக ஸ்வெட்டர்களின் ஓரம் தைத்துக் கொடுத்துவிட்டு மாலையில் போவாள். அவள் கையில் ஒரு ஊசி, நாக்கில் ஒரு ஊசி. இரண்டாவதுதான் கூர்.

மாப்பிள்ளை சும்மா இருந்தார் என்று சொன்னால் பாவம். மீன் தொட்டி வியாபாரம் செய்தார். தொட்டி ஒழுகி, அடுத்த வீட்டுச் சுவர் ஊறியது. குடை ரிப்பேர் கடை போட்டார். அந்த வருடம் மழை பெய்யவில்லை. வானம்கூடத் தன் வளர்ச்சியைப் பொறுக்கவில்லை என்றார். அதன் பிறகு ஆலோசனை சொல்வதையே தொழிலாக வைத்துக்கொண்டார். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கு இன்னும் விவரமாகச் சொன்னார்.

அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது பெரியவளின் பின்னல் மெஷினால். முன்னறையில் ஜன்னலோரமாக நீள மேஜை. அதன் மேல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு மெஷின். இருநூறு ஊசிகள் வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி, கொக்கியை மூட ஒரு நாக்கு. ஊசிகளின் மேலே கைப்பிடி வைத்த வண்டி ஒன்று இடமும் வலமும் போய்வரும். ஒரு முறை போனால் ஒரு வரிசை. ஊசிக்கும் ஊசிக்கும் நடுவே நாலரை மில்லிமீட்டர். அந்த இடைவெளிதான் மெஷினின் குணம். குழந்தை ஸ்வெட்டருக்கான மெல்லிய நூல் அதில் தண்ணீராக ஓடும். கொஞ்சம் கனமான நூலைக் கொடுத்தால் வண்டி முனகும். அதற்கும் மேலே கனம் என்றால் வண்டி நடுவழியில் நிற்கும், ஊசி வளையும், நாக்கு உடையும். அதற்கு நேர்மாறாக, அகல இடைவெளி உள்ள மெஷினில் மெல்லிய நூலைக் கொடுத்தால் தடையில்லாமல் ஓடத்தான் செய்யும். ஆனால் துணிக்குப் பதிலாகக் கொசுவலை வரும்.

புது நூல் எது வந்தாலும் பெரியவள் முதலில் ஒரு சாண் அகலத்துக்கு மாதிரித் துண்டு ஒன்று போடுவாள். அதை அலசிக் காயவைத்து, ஒரு நாள் முழுக்கச் சும்மா கிடக்க விடுவாள். மெஷினில் தொங்கும் எடைக்கட்டி இழுத்து இழுத்து நீட்டிய துணி, தன் சொந்த அளவுக்குத் திரும்ப ஒரு நாள் ஆகும். அதன் பிறகுதான் ஸ்கேலை வைப்பாள். ஒரு பந்து நூலுக்கே இத்தனை சோதனை பார்க்கிற பெண்ணை, ஒரு துண்டுகூடப் போட்டுப் பார்க்காமல் ஒரு மனிதருக்குக் கட்டி வைத்தார்களே என்று அவள் சில சமயம் நினைப்பாள். நினைத்துவிட்டு வண்டியை இன்னும் கொஞ்சம் வேகமாகத் தள்ளுவாள்.

அவள் பின்னிய குட்டி ஸ்வெட்டர்கள் பதினோரு வருடமாக ஒரு மொத்தக்கடைக்காரரிடம் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றின் கழுத்துக்குப் பின்னாலும் தன் பெயர் போட்ட பட்டையை வைத்துத் தைத்து விற்றார். ஒருநாள் பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு தாய் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை போட்டிருந்தது பெரியவள் பின்னியது. பக்கத்தில் இருந்தவள் விசாரிக்க, "அந்தக் கடைக்காரர் கைவேலையே தனிங்க" என்றாள் தாய். கடைக்காரர் கை! கல்லாச் சாவியையும் காப்பி டம்ளரையும் தவிர எதையும் தொட்டறியாத கை! பெரியவள் இரண்டு நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள். வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். வழியெல்லாம் கண்ணில் தூசி விழுந்தபடி இருந்தது.

அதனால்தான் பஸ் டிப்போவின் ஸ்டோர் அம்மா வீடு தேடி வந்த அன்று அவளுக்குக் கைகால் ஓடவில்லை. டிப்போவின் சாமான் அறைக்குப் பொறுப்பாளர் அவர். குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி, அளந்து பேசும் வாய்.

"என் பேத்தி ஸ்வெட்டரைப் பார்த்துட்டு, இதைப் பின்னினது யாருன்னு நாலு பேர்கிட்ட விசாரிச்சு வந்தேன். விடியக்காலம் வண்டி எடுக்கிற டிரைவருங்க நாப்பத்திரெண்டு பேருக்கு ஸ்வெட்டர் வேணும். நூல் இது." பையிலிருந்து ஒரு ஸ்வெட்டருக்குப் போதுமான பெரிய நூல் பந்தை எடுத்து வைத்தார். இழை சுண்டுவிரல் கனத்தில் கால்வாசி இருந்தது. "அடுத்த வியாழக்கிழமை ஒரு சாம்பிள் கொண்டாங்க. ரெண்டு பேர்கிட்டயாவது சாம்பிள் பார்க்கணும்னு விதி. உங்களது நல்லா இருந்தா ரெஜிஸ்டர்ல உங்க பேரை எழுதிடுவேன்."

"என் பேரையா?"

"பின்னறது நீங்கதானே?"

"அப்போ ஸ்வெட்டர்ல பட்டை...?"

"உங்க பேரு போட்டுத் தச்சுக்குங்க. எனக்கு என்ன வந்தது?"

ஸ்டோர் அம்மா போன பிறகும் பெரியவள் அந்தப் பந்தை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இந்த நூலுக்கு ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அப்படி ஒரு மெஷின் வாங்கியாக வேண்டும். இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு பழைய மெஷின் வியாபாரி இருந்தார். அவளுக்கோ மொத்தக்கடைக்குக் கொடுக்க வேண்டிய கடைசிச் சரக்கு மெஷினில் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் போறேன்" என்றார் மாப்பிள்ளை.

சின்னவள் தையலை நிறுத்தாமலே கேட்டாள்: "எங்க மாமா, கடைத்தெருவுக்கா?"

"மெஷின் வாங்க!"

"அக்கா, நான் வேணா தையலை ஒரு நாள் நிறுத்திட்டுப் போயிட்டு வரேன்."

"ஏன், எனக்கு மெஷின் பார்க்கத் தெரியாதா? இருபத்திரெண்டு வருஷமா ஒரு மெஷின் பக்கத்துலதான் படுத்துத் தூங்கறேன்!"

"தூங்கறீங்க, அதான் பயமா இருக்கு."

அவர் பெரியவளின் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுல ஒரு நாளாவது, ஒரு விஷயத்துலயாவது என்னை நம்பி ஒரு காரியம் குடுத்திருக்கியா? ஒரே ஒரு தடவை நம்பிப் பாரேன்!" கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. அவரிடம் பழுதில்லாமல் வேலை செய்த உறுப்பு அந்தக் கண்கள்தான்.

பெரியவள் இளகினாள். பெண் மனசு என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏமாறுவதற்கு இன்னொரு பெயர் என்று சொல்லியிருந்தால் பல குடும்பங்கள் பிழைத்திருக்கும். நூல் பந்தையும் ஆறு அங்குல ஸ்கேலையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள்.

"ஊசிக்கும் ஊசிக்கும் நடுவுல ஒன்பது மில்லி இருக்கணும். ஸ்கேல் வச்சு அளங்க. இந்த நூலைக் குடுத்து அவரையே நாலு வரிசை ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. வேற எதையும் பார்க்காதீங்க."

"எனக்கே பாடமா?" என்று சிரித்துக்கொண்டு போனார்.

மறுநாள் மாலை சரக்கு ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளை, போரில் ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார். கூட வந்த ஆளும் அவரும் சேர்ந்து பெட்டியை உள்ளே தூக்கி வைத்தார்கள். பெட்டியைத் திறக்கும் முன்பாகவே சொற்பொழிவு ஆரம்பித்துவிட்டது.

"அந்த ஆளு என் தலையில மிளகா அரைக்கப் பார்த்தான். முதல்ல ஒரு மெஷினைக் காட்டினான். எண்ணிப் பார்த்தேன். எத்தனை ஊசி தெரியுமா? நூத்திப்பத்து! நம்ம பழசுலயே இருநூறு இருக்கு. அதுல பாதிதான்! அதே விலைக்கு! நான் விட்டேனா? அந்த மூலையில மூடி வச்சிருக்கியே அது என்னன்னேன். வாயைத் திறக்கலை. துணியை விலக்கி உக்காந்து எண்ணினேன்." ஒரு கணம் நிறுத்தி இருவரையும் பார்த்தார். "இருநூத்தம்பது!"

சின்னவளின் ஊசி பாதித் தையலில் நின்றது.

"அதே விலை! நூத்திநாப்பது ஊசி லாபம்!"

பெரியவள் மூடியைத் திறந்தாள். உள்ளே ஊசிகள் நெருக்கமாக, சீப்புப் பல் மாதிரி அடுக்கியிருந்தன. பலகையின் நீளம் பழையதைப் போலத்தான். அதே நீளத்தில் ஐம்பது ஊசி கூட இருக்கிறது என்றால் இடைவெளி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேலை வைக்கத் தேவையே இருக்கவில்லை, இருந்தாலும் வைத்தாள். மூன்றரைக்குச் சற்று மேல். பூனை மயிர் மாதிரி நூலுக்கான மெஷின். டிப்போ நூலை அதன் கொக்கியில் மாட்டப் பார்த்தாள். கொக்கிக்குள் நுழையவே இல்லை. தையல் ஊசியின் காதில் கயிற்றை நுழைக்கப் பார்த்த கதைதான்.

"நான் குடுத்த நூலை ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பையைத் திறக்கவே நேரமில்லம்மா. எண்ணவே ஒரு மணி நேரம் ஆச்சு. நடுவுல கணக்கு தப்பி ரெண்டாவது தடவை எண்ணினேன்."

சின்னவள்தான் வாயைத் திறந்தாள். "மாமா, சீப்பு வாங்கப் போனாலும் பல்லு எத்தனைன்னு எண்ணித்தான் வாங்குவீங்களா? அதுவும் உங்க தலைக்கு!"

மாப்பிள்ளை தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "பொறாமை" என்றார்.

பெரியவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பக்கத்துக் கடைக்குப் போய் வியாபாரிக்குப் போன் செய்தாள். மெஷினை மாற்றித் தரத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார் அவர். ஆனால் ஒன்பது மில்லி இடைவெளி கொண்ட அந்த நூற்றுப்பத்து ஊசி மெஷின் இப்போது தன்னிடம் இல்லை. "உங்க வீட்டுக்காரர் கடையில நின்னு டிப்போ ஆர்டர், நாப்பத்திரெண்டு ஸ்வெட்டர், கனமான நூலுன்னு சத்தமா சொல்லிக்கிட்டிருந்தாரும்மா. நூல் எடுக்க வந்த ஒருத்தர் கேட்டுக்கிட்டே நின்னாரு. உங்க ஆளு ஆட்டோ ஏறின அஞ்சு நிமிஷத்துல அந்த மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

யார் என்று கேட்டாள். வியாபாரி சொன்னார். பதினோரு வருடமாக அவள் ஸ்வெட்டர்களின் கழுத்தில் பட்டை தைத்த அதே மனிதர்!

மொத்தக்கடைக்காரர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். புது மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வருத்தப்படுகிறவர் போல 'ச்சு' கொட்டினார். வாய் கொட்டியதே தவிர, முகம் பண்டிகை கொண்டாடியது.

"கேள்விப்பட்டேன் தங்கச்சி. மனசு கேக்கலை, ஓடி வந்தேன். என்கிட்ட அந்த மெஷின் சும்மாதான் கிடக்கு. நீ வந்து என் கடையில உக்காந்து சாம்பிளைப் பின்னிக் குடு. ஆர்டர் என் பேருல இருக்கட்டும். உனக்குக் கூலி வழக்கம்போல. நான் கூடப் பொறந்தவன் மாதிரி சொல்றேன்."

"பட்டை?" என்றாள் பெரியவள்.

"அது கடையோட பட்டைதானே இருக்கும்!"

மாப்பிள்ளைக்கு இதில் வழி தெரிந்தது. தன் தவறை யாரோ ஒருவர் மூடி மறைக்க வந்திருக்கிறார் என்றால் அவரை விடலாமா? "அண்ணன் சொல்றதும் நியாயம்தான். மெஷின் அவர்கிட்ட, கை உன்கிட்ட..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க." இருபத்திரண்டு வருடத்தில் மூன்றாம் மனிதர் எதிரில் அவள் சொன்ன முதல் கடுஞ்சொல் அது. பிறகு கடைக்காரரைப் பார்த்தாள். "வேணாம்ண்ணே. என் சாம்பிளை நானே குடுத்துக்கறேன்."

"எதுல பின்னுவே? உன் பழசுல அந்த நூலு போகாது. புதுசுல உள்ளயே நுழையாது."

"அது என் பாடு."

"சரி, நான் என் மச்சானை வச்சுப் பின்னிக்கறேன். பெரிய வித்தையா? நூலைப் போட்டா துணி வருது. குடோன்ல மெல்லிசு நூல் மூட்டை மூட்டையா தூங்குது. அதையே போட்டுத் தள்ளிடலாம்."

பெரியவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எதிரிக்கே ஆனாலும் நூல் வீணாவதை அவளால் பார்க்க முடியாது. "அண்ணே, அந்த மெஷின்ல மெல்லிசு நூல் போடாதீங்க. வலை மாதிரி வரும்."

"எனக்கே தொழில் சொல்லித் தர்றியா?" என்று செருப்பைத் தேடினார். ஒரு செருப்பைச் சின்னவள் எப்போதோ காலால் தள்ளி நாற்காலிக்கு அடியில் விட்டிருந்தாள். அவர் குனிந்து எடுக்கட்டும் என்றுதான்.

வியாழனுக்கு நாலே நாள். பெரியவள் தன் பழைய மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஒன்றுவிட்டு ஒன்றாக ஊசிகளைப் பின்னால் தள்ளி ஓய்வு கொடுத்தாள். இருநூறில் நூறு மிஞ்சியது. நாலரையும் நாலரையும் ஒன்பது, இடைவெளி கிடைத்துவிட்டது. வண்டியைத் தள்ளினாள். நாலாவது ஊசியிலேயே 'டக்' என்று நின்றது. இடைவெளி ஒன்பதானாலும் கொக்கிகள் அதே சின்னக் கொக்கிகள்தானே. இரண்டு ஊசிகள் வளைந்து, நூல் நார்நாராகப் பிரிந்து தொங்கியது.

வளைந்த ஊசிகளை மாற்றினாள். வண்டியைக் கழற்றிக் கீழே வைத்தாள். ஒரு மெழுகுத் துண்டை எடுத்து நூலின் நீளம் முழுக்கத் தடவினாள். பிறகு ஒவ்வொரு ஊசியாகக் கையால் முன்னே இழுத்து, நூலைக் கொக்கியில் நகத்தால் அழுத்தி வைத்து, மெல்லப் பின்னே தள்ளி, ஒரு கண்ணியை இறக்கினாள். வண்டி ஒரு மூச்சில் முடிக்கிற வரிசைக்கு ஆறு நிமிடம் பிடித்தது. ஜன்னல் வெளிச்சம் இருக்கும் வரை உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் கட்டைவிரல் நகத்தின் ஓரம் வெடித்து ரத்தம் கசிந்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளை அந்த அறையிலேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு வார்த்தை திட்டிடேன். என்னால இந்த மௌனத்தைத் தாங்க முடியலை."

"நேரமில்லை. காலை எடுங்க, நூலை மிதிக்கறீங்க."

அவர் காலை எடுத்தார். சுவரோரம் உட்கார்ந்து அழுதார். அழுதுகொண்டே, தான் அழுவதை அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"மாமா, அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழுங்க. நூல் ஈரமாயிடப் போகுது" என்றாள் சின்னவள்.

புதன்கிழமை காலை பாகங்கள் முடிந்தன. அலசிக் காயவைத்து, ஒரு நாள் கிடக்க விட நேரம் போதாது என்று மின்விசிறிக்கு அடியில் தட்டையாகப் பரப்பினாள். மாலையில் சின்னவள் ஓரங்களைத் தைத்தாள். ஸ்கேலை வைத்தபோது மார்பளவு சரியாக இருந்தது. கையில் ஒரு அரை அங்குலம் கூட. அதைப் பிரித்துப் பின்ன நேரமில்லை. உள்ளே மடித்துத் தைத்தார்கள்.

டிப்போவின் சாமான் அறையில் டயர் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அடித்தது. நீளமான தகர மேஜைக்குப் பின்னால் ஸ்டோர் அம்மா. ஒரு பக்கம் மொத்தக்கடைக்காரர், இஸ்திரி போட்ட சட்டையில். மறுபக்கம் பெரியவளும் மாப்பிள்ளையும். சின்னவள் வாசற்படியில் நின்றுகொண்டாள்.

கடைக்காரரின் சாம்பிள் முதலில் வந்தது. பார்க்கப் பெரிதாக, பளபளப்பான உறைக்குள் இருந்தது. ஸ்டோர் அம்மா உறையைப் பிரித்து, ஸ்வெட்டருக்குள் கையை விட்டுத் தூக்கிப் பிடித்தார். ஐந்து விரலும் வெளியே தெரிந்தன. மோதிரத்தின் கல்கூடத் தெரிந்தது.

"என்ன இது?"

"காத்தோட்டமான டிசைன் மேடம்" என்றார் கடைக்காரர்.

"விடியக்காலம் நாலு மணிக்கு டிரைவருக்குக் காத்தோட்டம் எதுக்கு?"

அங்கே நின்ற டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டதும் அது தன் பாரத்திலேயே இறங்கி இடுப்பைத் தாண்டித் தொடைக்குப் போனது. "மேடம், இதைப் போட்டுக்கிட்டா மீன் பிடிக்கப் போகலாம்" என்றார் டிரைவர்.

பெரியவளுடையதை அடுத்ததாகப் போட்டுப் பார்த்தார். தோளைச் சுழற்றினார், ஸ்டியரிங் பிடிப்பது போலக் கைகளை நீட்டினார். கழற்றச் சொன்னபோது கழற்ற மனமில்லாமல் நின்றார்.

ஸ்டோர் அம்மா துணியை இழுத்து, விட்டு, மீண்டும் இழுத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாகப் பெரியவளின் கட்டைவிரல் பிளாஸ்திரியையும் பார்த்தார். "இதை எப்படிப் பின்னினீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை. "கையால ஒவ்வொரு ஊசியா போட்டது மேடம். என் மெஷின் இந்த நூலுக்குப் பத்தாது. நாப்பத்திரெண்டையும் இப்படிப் போட்டா வருஷம் ஓடிடும். ஒன்பது மில்லி மெஷின் வேணும். அது..." மேலே சொல்லாமல் நிறுத்தினாள்.

"அது என்கிட்ட இருக்கு மேடம்!" என்று கடைக்காரர் முன்னே வந்தார். "மெஷின் இருக்கற இடத்துலதானே ஆர்டர் இருக்கணும்?"

ஸ்டோர் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு ரெஜிஸ்டர் மேலாபீசுக்குப் போகுது. அதுக்குள்ள சரியான மெஷின் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னா உங்க பேரு. இல்லைன்னா, சாம்பிள் எப்படி இருந்தாலும் மெஷின் இருக்கறவர் பேரைத்தான் எழுதணும். வேற வழியில்லை."

மணி இரண்டே கால். எல்லாரும் வராந்தாவுக்கு வந்தார்கள். பெரியவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெடித்த விரல், பதினோரு வருடம், எல்லாம் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுமா? அழக்கூடாது என்று எதிரே இருந்த தீயணைப்பு வாளிகளை எண்ண ஆரம்பித்தாள்.

தூணுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, கடைக்காரரிடம் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இப்படி ஒரு சல்லடையை வாங்கிட்டீங்க! அந்த மெஷின் வேணாம்னு நான் அன்னிக்கே கடையில கத்தினேனே, கேக்கலையா? நூத்திப்பத்து ஊசி! ஊசி பத்தலை, அதான் ஓட்டை ஓட்டையா வருது."

கடைக்காரர் யோசித்தார். விரல் வெளியே வந்த ஸ்வெட்டர் அவர் கண் முன்னால் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. குடோன் நூலை ஊசி நெருக்கமான மெஷினில் ஓட்டினால் ஓட்டையும் போகும், ஆர்டரும் தனக்கே வரும் என்று கணக்குப் போட்டார். "உன்கிட்ட இருக்கறதுல எத்தனை?"

"இருநூத்தம்பது." பரீட்சையில் பிள்ளை வாங்கிய மார்க்கைச் சொல்வது போலச் சொன்னார். "துணி போட்டா தண்ணி ஊத்தினாலும் இறங்காது."

"மாத்திக்கலாமா?"

"விளையாடறீங்களா?" மாப்பிள்ளை பதறினார். அதில் நடிப்பு கடுகளவும் இல்லை. "என் வாழ்க்கையில நானா பார்த்து, நானா எண்ணி வாங்கின ஒரே சாமான் அது! செத்தாலும் குடுக்க மாட்டேன்."

அவர் மறுக்க மறுக்கக் கடைக்காரருக்கு ஆசை ஏறியது. வியாபாரத்தில் முப்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர், தன்னிடம் ஒருவன் விற்க மறுத்தால் அது உயர்ந்த சரக்கு என்று நம்புகிறவர், மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்துக் கெஞ்சாத குறை.

பெரியவளுக்குக் காதில் விழுந்தது. அவள் வாளிகளை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"குடுத்துடுங்க" என்றாள் கணவரிடம்.

"அம்மாடி! இருநூத்தம்பது..."

"குடுங்க." பிறகு கடைக்காரரிடம், "அண்ணே, நல்லாக் கேட்டுக்கங்க. உங்க குடோன் நூலுலயே ரொம்ப மெல்லிசு எதுவோ, அதுக்குத்தான் அந்த மெஷின். கனமான நூல் பக்கமே போகக்கூடாது. அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றாள்.

கடைக்காரர் 'சரி சரி' என்று தலையை ஆட்டினார். ஊசிக் கணக்கில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் காது எதையும் வாங்கவில்லை. சின்னவள் ஒரு தாளைக் கிழித்து, இந்த மெஷினுக்கு அந்த மெஷின் என்று நாலே வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டாள். அவள் அதை எழுதி முடிக்கும் வரை மாப்பிள்ளை தூணில் சாய்ந்து நின்றார்.

"உனக்காக" என்றார் மனைவியிடம், உடைந்த குரலில். "உனக்காக மட்டும்தான் இந்தத் தியாகம். இதை நீ எந்தக் காலத்துலயும் மறக்கக் கூடாது."

"மறக்க விடுவீங்களா மாமா?" என்றாள் சின்னவள்.

மூன்றரை மணிக்கு ஸ்டோர் அம்மா தாளைப் படித்துப் பார்த்துவிட்டு ரெஜிஸ்டரைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். "பேரு?"

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்து தன் பெயரைச் சொன்னார்.

"பின்னறது நீங்களா?"

"இல்லை மேடம், அவதான். ஆனா மெஷின் விஷயமெல்லாம் நான்தான் பார்க்கறேன்."

"அப்போ அவங்க சொல்லட்டும்."

பெரியவள் தன் பெயரைச் சொன்னாள். குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை உரக்கச் சொன்னாள். கூடிப் போய்விட்டது போலிருக்கிறது. டயர் அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"கேர் ஆஃப்னு போட்டு என் பேரையும் சேர்த்துக்கங்க மேடம்" என்றார் மாப்பிள்ளை. "ஒரு பாதுகாப்புக்கு."

ஸ்டோர் அம்மா கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வேணாம். அவங்களைப் பார்த்தா உங்களையும் சேர்த்து அவங்கதான் பார்த்துக்கறாங்க போலிருக்கே."

வாசற்படியில் சின்னவள் முகத்தை முந்தானைக்குள் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

ரெஜிஸ்டர் பெரியவள் பக்கம் திரும்பியது. ஒரு நீண்ட கட்டத்துக்குள் அவள் பெயர் மட்டும், தனியாக, மை காயாமல் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஸ்டோர் அம்மா விரலை வைத்துக் காட்டினார். பிளாஸ்திரி ஒட்டிய விரலால் பேனாவைப் பிடிக்க வசதிப்படவில்லை. மாப்பிள்ளை உதவிக்குக் கையை நீட்டினார். அவள் பேனாவை அடுத்த விரலுக்கு மாற்றிக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.